டிவி பார்த்து மொழி வருமா? - மாண்டரினும் ராமாயணமும்

சீனத் தொடர்களைப் பார்த்தே சீன மொழி கற்றுக்கொள்ளலாம் என்று எங்கள் வகுப்பில் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பி.காம். படிக்கிறவனுக்குச் சீனம் எதற்கு என்று கேட்காதீர்கள். ஏற்றுமதி இறக்குமதி என்று ஒரு பேப்பர் வந்துவிட்டால் போதும், பாதிப் பேர் குவாங்சோவில் போய்ச் சரக்கு எடுப்பதாகக் கனவு காண ஆரம்பித்துவிடுவோம் :-)

முடியும் என்று ஒரு கட்சி, முடியாது என்று ஒரு கட்சி. நான் ரெண்டிலும் சேராமல் வேறு ஒன்றை யோசித்தேன். ஒரு ஆளை விடுங்கள். ஒரு ஊரோ நாடோ டிவி பார்த்து ஒரு மொழியைக் கற்றதாக வரலாறு உண்டா? தேடிப் பார்த்ததில் ரெண்டு கதை கிடைத்தது. ஒன்று சிங்கப்பூரில் நடந்தது. இன்னொன்று நம் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே காலம். ரெண்டிலும் டிவி அரசாங்கத்தின் கையில். ஒன்று ஜெயித்தது, ஒன்று தோற்றது. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் சிங்கப்பூர். அங்கே டிவி ஆரம்பித்தது 1963 பிப்ரவரி 15. முதலிலிருந்தே மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழி. இதைப் படித்ததும் நம் ஆட்களுக்கு நெஞ்சு நிமிரும், எனக்கும் நிமிர்ந்தது. ஆனால் "சீனம்" என்று சொன்னேனே, அதில்தான் எல்லாச் சிக்கலும். சிங்கப்பூர்ச் சீனர்கள் அன்றைக்கு வீட்டில் மாண்டரின் பேசியவர்கள் இல்லை. ஹொக்கியன், டியோச்சூ, கான்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று தெற்குச் சீனாவில் அவரவர் ஊரிலிருந்து கொண்டு வந்ததைப் பேசினார்கள். இவற்றைக் கிளைமொழி என்று அரசாங்கம் சொன்னாலும், ஹொக்கியன் மட்டும் தெரிந்தவருக்குக் கான்டனீஸ் புரியாது. நம் ஊர் மதுரைத் தமிழ், கோவைத் தமிழ் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். தமிழுக்கும் தெலுங்குக்கும் இருக்கிற தூரம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து மட்டும் பொது.

மாண்டரின் வடக்கிலிருந்து வந்தது. அது பள்ளிக்கூடத்து மொழி. 1980 கணக்கெடுப்பில் சீன வீடுகளில் மாண்டரின் பேசிய வீடு நூற்றுக்குப் பத்துதான். எண்பதுக்கும் மேல் இந்தக் கிளைமொழிகள். கோ கெங் சுவீ தலைமையில் 1978இல் தயாரான கல்வி அறிக்கையும், சீனப் பிள்ளைகளில் 85 விழுக்காடு வீட்டில் கிளைமொழிதான் பேசுகிறார்கள் என்று சொன்னது. அதாவது அந்தப் பிள்ளை வீட்டில் ஒரு மொழி பேசிவிட்டு, பள்ளியில் ஆங்கிலம், மாண்டரின் என்று தனக்குச் சம்பந்தமில்லாத ரெண்டு மொழிகளில் முட்டி மோதுகிறது.

லீ குவான் யூ என்ன செய்தார்? 1979 செப்டம்பர் 7 அன்று "மாண்டரின் பேசுங்கள்" இயக்கத்தை ஆரம்பித்து வைத்தார். மாண்டரினைக் கூட்டு, கிளைமொழியைக் குறை. இதுதான் கோஷம். அவரே அதுவரை மேடைகளில் ஹொக்கியனில் பேசி ஓட்டு வாங்கியவர். அதை நிறுத்திவிட்டார். சந்தை, பஸ், அலுவலகம் என்று வருஷத்துக்கு ஒரு பக்கம் பிரச்சாரம் போனது.

இப்போது டிவிக்கு வருகிறேன். அன்றைக்குச் சிங்கப்பூர் வீடுகளில் ஹாங்காங் தொடர்களுக்குத்தான் மவுசு. எல்லாம் கான்டனீஸ். சாயங்காலம் தெருவே அடங்கிவிடும். அரசாங்கம் அந்தத் தொடர்களை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் ஜனங்கள் கொதித்திருப்பார்கள். அதே தொடர், அதே முகங்கள், அதே கதை, குரல் மட்டும் மாண்டரினுக்கு மாறிவிட்டது. டப்பிங்! 1980களின் தொடக்கத்திலேயே டிவியில் கிளைமொழி நிகழ்ச்சிகள் அநேகமாக ஒழிந்துவிட்டன. ரீடிஃப்யூஷன் என்று ஒரு கம்பி வழி வானொலி இருந்தது. அதில் லீ தாய் சோ என்பவர் கான்டனீஸில் கதை சொல்வார், பெரிய ரசிகர் கூட்டம். 1982இல் அதுவும் முடிந்தது.

அப்புறம் சொந்தமாகவே மாண்டரின் தொடர் எடுக்க ஆரம்பித்தார்கள். 1984இல் வந்த ஒன்று ரொம்பப் பிரபலம், ஆங்கிலத்தில் "தி அவேக்கனிங்" என்று பெயர். சீனாவிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கூலிகளின் கதை. அந்தக் கூலிகள் நிஜத்தில் ஹொக்கியனோ டியோச்சூவோ பேசியிருப்பார்கள். தொடரில் எல்லோரும் சுத்தமான மாண்டரினில் அழுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். நம் சரித்திரப் படங்களில் வெள்ளைக்கார துரை தமிழ் பேசுவார் இல்லையா, அது சினிமா வசதி. இது அப்படியில்லை. தாத்தாவின் வாயிலிருந்தே தாத்தாவின் மொழியை எடுத்துவிட்ட வேலை.

பலன்? 1990 கணக்கெடுப்பில் மாண்டரின் பேசும் சீன வீடுகள் சுமார் 30 விழுக்காடு. 2000இல் சுமார் 45. இருபது வருஷத்தில் பத்திலிருந்து நாற்பத்தைந்து! ஏதோ ஒரு கம்பெனியின் மார்க்கெட் பங்கு இப்படி ஏறினால் எங்கள் பேராசிரியர்கள் அதை வைத்தே ஒரு செமஸ்டர் ஓட்டிவிடுவார்கள்.

சரி, இந்தப் பக்கம் வருவோம்.

நம் ஊரில் இந்தி என்றால் என்ன வரலாறு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நெய்வேலியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965 ஜனவரி 27 அன்று இராசேந்திரன் என்ற மாணவர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். எங்கள் வயசுதான் அவருக்கும். 1968 ஜனவரியில் அண்ணா அரசு சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு அரசுப் பள்ளிகளை இரு மொழிக்குக் கொண்டு வந்தது. அதாவது பள்ளிக்கூடக் கதவு வழியாக இந்தி வர முடியாது.

ஆண்டெனா வழியாக வந்தது.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. 1982 ஆகஸ்ட் 15 முதல் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பு. டெல்லியிலிருந்து செயற்கைக்கோள் வழியாக நாடு முழுக்க ஒரே நிகழ்ச்சி, இந்தியிலும் ஆங்கிலத்திலும். அதே வருஷம் ஆசிய விளையாட்டை ஒட்டிக் கலர் வந்தது. 1984இல் ஏறக்குறைய நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் ஊர் ஊராக ஒளிபரப்புக் கோபுரம் நட்டார்கள். அதே வருஷம் ஜூலையில் "ஹம் லோக்", இந்தியாவின் முதல் நெடுந்தொடர். பிறகு "புனியாத்". 1987 ஜனவரி 25இல் ராமானந்த் சாகரின் "ராமாயண்". 1988 அக்டோபர் 2இல் பி.ஆர்.சோப்ராவின் "மகாபாரத்". வேறு சேனல் கிடையாது. வெள்ளிக்கிழமை ராத்திரி "ஒலியும் ஒளியும்", ஞாயிறு சாயங்காலம் ஒரு தமிழ்ப்படம் என்று கொஞ்சம் தமிழ் கிடைக்கும், அவ்வளவுதான். எங்கள் பாடத்தில் வருகிற "முற்றுரிமை" என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நெய்வேலியில் இந்தச் சோதனை இன்னும் கனமாக நடந்தது என்று சொல்வேன். இது மத்திய அரசு நிறுவனத்தின் ஊர். 1956இல் நிறுவனம் தொடங்கியது, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் 1962இல் முதல் அலகு ஓடியது. ரஷ்யர்களும் ஜெர்மானியர்களும் வந்து வேலை பார்த்த ஊர். எங்கள் வட்டத்திலேயே ஆந்திரா, கேரளா, ஒரிசா என்று எல்லா ஊர்க்காரர்களும் இருப்பார்கள். மத்திய அரசு நிறுவனம் என்பதால் செப்டம்பர் 14 இந்தி தினமும் உண்டு, கட்டுரைப் போட்டி, பரிசு எல்லாமும் உண்டு. இந்தி வேர் பிடிக்கத் தமிழ்நாட்டில் ஒரு மண் வேண்டுமென்றால் அது இதுதான்.

பாட்டியிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு ராமாயணம். டிவி இருக்கிற வீட்டில் வட்டமே கூடுமாம். குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு வந்து உட்கார்வார்களாம். "இந்தி புரிஞ்சுதா பாட்டி?" "புரியறதுக்கு என்னடா இருக்கு, ராமாயணந்தானே" என்றார்.

இந்த ஒரு வரியில் பாதி விஷயம் அடங்கிவிட்டது. கதை ஏற்கெனவே தெரியும். கைகேயி எப்போது அழுவாள், எதற்கு அழுவாள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். மொழி புரிய வேண்டிய அவசியமே வரவில்லை. போதாததற்கு அந்த இந்தியில் பாதி சமஸ்கிருதம். வனவாசம், ஆசீர்வாதம், சத்தியம், தர்மம் எல்லாம் நமக்கும் காதில் விழுந்த சொற்கள்தான். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் ராமாயணத்தை மறுபடி போட்டபோது நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு எபிசோடு முடிந்ததும் எனக்கு இந்தியே வந்துவிட்ட மாதிரி ஒரு பிரமை. வட நாட்டு நண்பனுக்கு போன் போட்டு ரெண்டு வரி பேசியதில் பிரமை தெளிந்தது.

மகாபாரத்தில் வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ராஸா. அதில் வருகிற மாதாஸ்ரீ, பிதாஸ்ரீ, ஆயுஷ்மான் பவ எல்லாம் அன்றைக்குப் பிள்ளைகள் வாயில் புரண்டதாம். அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். ஆனால் மாதாஸ்ரீயை வைத்துக்கொண்டு டெல்லியில் கத்தரிக்காய் வாங்க முடியுமா? சீனத் தொடரில் அரண்மனைக் கதையாகப் பார்த்துச் சீனம் கற்கிறவர்களுக்கும் இதே ஆபத்து இருக்கிறது. பேரரசர் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கத் தெரியும், டீக்கு எவ்வளவு என்று கேட்கத் தெரியாது.

சினிமாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஆராதனா" (1969) இங்கே ஓடிய ஓட்டம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து நாலே வருஷம்! அர்த்தம் தெரியாமலே பாட்டை மனப்பாடம் செய்தார்கள். 1981இல் ரெண்டு படம் வந்தது, இந்தப் பதிவுக்கென்றே எடுத்த மாதிரி. ஒன்று பாலசந்தரின் "ஏக் துஜே கே லியே". இந்தி தெரியாத தமிழ்ப் பையனாகக் கமல். ஒரு பாட்டு முழுக்க இந்திப் படங்களின் பெயர்களைக் கோத்தே காதலியைச் சமாதானம் செய்வார். டிவியும் சினிமாவும் நமக்குக் கொடுத்த இந்தி எவ்வளவு என்பதை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. தலைப்புகள் தெரியும், வாக்கியம் தெரியாது. இன்னொன்று பாக்யராஜின் "இன்று போய் நாளை வா". காதலுக்காக இந்தி படிக்கப் போகிறவர் "ரகு தாத்தா"வில் மாட்டிக்கொண்டு படும் பாடு. தமிழ்நாடே சிரித்தது. 2024இல் அதே பெயரில் கீர்த்தி சுரேஷ் நடித்து ஒரு படமே வந்துவிட்டது.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தது. முற்றுரிமை உடைந்தது. தமிழில் படம், தமிழில் தொடர் என்று கிடைக்க ஆரம்பித்ததும் தூர்தர்ஷனின் இந்தி நேரத்தை இங்கே யாரும் தேடவில்லை. 2013இல் ஸ்டார் பிளஸ் புதிதாக எடுத்த மகாபாரதம் விஜய் டிவிக்கு வந்தபோது கிருஷ்ணரே தமிழ் பேசினார். ஆக, பத்துப் பதினோரு வருஷம் டெல்லி நமக்கு டிவியில் இந்தி காட்டியதன் நிகர லாபம், "இந்தி நஹி மாலும்" என்று இந்தியிலேயே சொல்லத் தெரிந்ததுதான்.

டிவியில் ஒன்றும் கற்கவே முடியாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு ஆராய்ச்சியைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் சியாட்டிலில் பேட்ரிசியா குல் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் 2003இல் வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள், ஒன்பது மாதம். சில குழந்தைகளோடு மாண்டரின் பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் படித்து விளையாடினார்கள். மொத்தம் 12 முறை, ஒவ்வொன்றும் 25 நிமிஷம். இன்னும் சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே விளையாட்டு, ஆனால் டிவியில். முதல் கூட்டம் மாண்டரின் ஒலி வேறுபாட்டைத் தைவான் குழந்தைகள் அளவுக்குக் கண்டுபிடித்தது. டிவி பார்த்த கூட்டத்துக்கு ஒன்றுமே ஏறவில்லை. மாண்டரினையே தேர்ந்தெடுத்துச் சோதனை செய்திருக்கிறார்கள் பாருங்கள், எங்கள் வகுப்புச் சண்டைக்குத் தீர்ப்பு மாதிரி!

பெரியவர்கள் கைக்குழந்தை இல்லை, அதுவும் உண்மைதான். நிறுத்தி, திருப்பிப் போட்டு, குறித்து வைத்துக் கற்க முடியும். சீனத் தொடர்களில் ஒரு வசதியும் இருக்கிறது. பேசுவது சீனமாக இருந்தாலும் கீழே சீன எழுத்திலேயே வசனம் ஓடும். வெவ்வேறு ஊர்ப் பேச்சுக்காரர்கள் ஒரே எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்ளத்தான் அந்த ஏற்பாடு. எழுத்து தெரிந்தவருக்கு அது பெரிய துணை. தெரியாதவருக்கு? "மா" என்பதை நாலு விதமாக ஏற்றி இறக்கிச் சொன்னால் அம்மா, சணல், குதிரை, திட்டு என்று நாலு அர்த்தம். வெறும் காதை வைத்துக்கொண்டு சமாளிப்பது கஷ்டம். நம் ஊரில் அந்தக் கஷ்டமும் இல்லை, ஜாக்கி சான் தமிழிலேயே பேசிவிடுகிறார். எத்தனை குங்ஃபூ படம் பார்த்திருப்போம், ஒரு சீனச் சொல் தெரியுமா?

அப்புறம் சிங்கப்பூரில் மட்டும் எப்படி நடந்தது? என் கணக்கு இது. அங்கே டிவி தனியாக வேலை செய்யவில்லை. காலையில் பள்ளியில் மாண்டரின் கட்டாயம், பரீட்சை உண்டு. சந்தையிலும் அலுவலகத்திலும் அதையே பேசு என்று நெருக்கடி. ராத்திரி டிவியில் அதே மொழி. பேசிப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரரும் உண்டு. டிவி செய்தது என்னவென்றால், வீட்டுக்குள் இருந்த கடைசி இடத்தையும் கிளைமொழியிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தது. இங்கே பள்ளியில் இந்தி இல்லை, தெருவில் இல்லை, கடையில் இல்லை. ஞாயிறு காலை டிவியில் மட்டும் இருந்தது. மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் இருந்தும் வீட்டில் கரண்ட் இல்லாத கதை.

இதற்குச் சாட்சியாகக் கோலாலம்பூரைச் சொல்லலாம். அங்கே அரசாங்கம் கான்டனீஸைத் தடுக்கவில்லை. ஹாங்காங் தொடர்கள் வீடியோ கேசட்டாகவும் பிறகு கட்டணச் சேனலாகவும் கான்டனீஸிலேயே ஓடின. ஹொக்கியன், ஹக்கா வீட்டுப் பிள்ளைகள்கூட அங்கே கான்டனீஸ் பேசி வளர்ந்தார்கள். தொடர் மட்டும் காரணம் இல்லை, கோலாலம்பூர்க் கடைத்தெருவே கான்டனீஸில்தான் பேரம் பேசியது. டிவியில் ராத்திரி கேட்டதைக் காலையில் கடையில் பேச முடிந்தது. அங்கே கான்டனீஸ் பேசுகிற தமிழர்களும் உண்டு, அவர்கள் யாரும் இயக்கம் நடத்திக் கற்கவில்லை. நம் ஊரிலும் இப்போது பாருங்கள், பஜாரில் வட மாநிலத் தொழிலாளர்கள் வர ஆரம்பித்த பிறகு காய்கறிக் கடை அண்ணாச்சி இந்தியில் பேரம் பேசுகிறார். ராமாயணம் செய்யாததை உருளைக்கிழங்கு செய்துவிட்டது.

ஜெயித்த கதை என்று சிங்கப்பூரைச் சொன்னேன். அதன் செலவுப் பக்கத்தையும் எழுதினால்தான் ஐந்தொகை சமன் ஆகும். 2020 கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகள் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம், 48.3 விழுக்காடு. மாண்டரின் 29.9. சீனக் கிளைமொழிகள் எல்லாம் சேர்த்தே 8.7. தமிழ் 2.5. கிளைமொழியை விரட்டி மாண்டரினை உட்கார வைத்தார்கள், அந்த நாற்காலியில் இப்போது ஆங்கிலம் ஏறிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லலாம். ஆனால் அதே ஊரில் நம்மைவிடப் பல மடங்கு பேர் பேசிய ஹொக்கியனுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை என்பது எனக்கு இதைப் படிக்கும் வரை உறைக்கவில்லை. 1965இல் இங்கே மாணவர்கள் எதற்குப் பயந்தார்களோ, அது அங்கே சத்தமில்லாமல், டப்பிங் தியேட்டரில் நடந்து முடிந்திருக்கிறது.

பேரப்பிள்ளைக்கு மாண்டரினும் ஆங்கிலமும்தான் தெரியும், பாட்டிக்கு ஹொக்கியன் மட்டும்தான் தெரியும் என்கிற வீடுகள் அங்கே ஏராளம். 2016இல் சிங்கப்பூர் அரசுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். முதியவர்களுக்கான மருத்துவச் சலுகை, ஓய்வூதிய உதவி போன்ற திட்டங்கள் அந்த முதியவர்களுக்கே புரியவில்லை. ஒரு தொடர் எடுத்தார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் "ஈட் ஆல்ரெடி?", அதாவது "சாப்பிட்டாச்சா?". முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, அதே சேனல் 8இல், கதாபாத்திரங்கள் ஹொக்கியனில் பேசினார்கள். பாட்டிகள் காதால் கேட்டார்கள். கூட உட்கார்ந்த பேரன்கள் கீழே ஓடிய வரிகளைப் படித்தார்கள்.